பாட்டுக்குள் அடைபட்ட பல்லியம்

கலைஞன் ஒருவனுக்குப் பெயர்ப்பலகை ஒன்றை எழுதி மாட்டிவிட்டால் நமக்கு வேலை எளிதாகிவிடுகிறது. செயங்கொண்டார் என்றால் பரணி. புகழேந்தி என்றால் வெண்பா. அதற்கு மேல் அவர் வேறென்ன செய்தார் என்று வினவும் பொறுப்பு நமக்கில்லை. இசையிலும் இதே வழக்கந்தான். இளையராஜா என்றால் பாட்டு. ‘அன்னக்கிளி’ வெளிவந்த 1976 தொடங்கி அரை நூற்றாண்டாக அப்பாட்டுகளைத் திருமணப் பந்தலிலும் கேட்கிறோம், தொடர்வண்டி நெரிசலிலும் முணுமுணுக்கிறோம். அதில் குற்றமில்லை. ஆயின் அதே மனிதர், சொல்லை நீக்கி, பாடகரின் குரலையும் நீக்கி, நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் கொண்டே எழுதிய இசை என்று ஒன்று இருக்கிறதே, அதனை நம்மில் எத்தனை பேர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோம்? இந்த மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்கள் நெஞ்சில் கைவைத்து விடை கூறட்டும்.

2025 மார்ச்சு 8 அன்று லண்டன் மாநகரின் அப்பல்லோ அரங்கில் அவருடைய ‘வேலியன்ட்’ என்னும் சிம்பொனி, ராயல் ஃபில்ஹார்மானிக் கான்செர்ட் இசைக்குழுவினரால் அரங்கேற்றப்பட்டது. நான்கு பகுதிகள் கொண்டது. மிக்கேல் டாம்ஸ் என்பவர் குழுவை நடத்தினார். அன்றிரவு டோம்பிவிலியில் நம்மவர் கைபேசிகள் ஓயவில்லை. வாழ்த்துப் படங்கள், கவிதைகள், பூமாலையிட்ட ஒளிப்படங்கள், ‘தமிழன் தலைநிமிர்ந்தான்’ என்னும் முழக்கங்கள். தலை நிமிர்ந்தது உண்மை. காது திறந்ததா என்பதே நம் ஐயம். ஏனெனில், லண்டன் அரங்கேற்றத்துக்கு 39 ஆண்டுகளுக்கு முன்னரே, 1986-இல், ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் கருவியிசைத் தொகுப்பை அவர் நம் கையில் கொடுத்துவிட்டார். அன்று முழங்கியவர்களிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தோம். ‘அது எந்தப் படம்?’ என்று கேட்டார் ஒருவர்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை நம் விழாக்களில் இருக்கிறது. பொங்கல் விழாவாயினும் ஆண்டு விழாவாயினும் நம் மேடையில் இசை என்றால் மெல்லிசைக் குழுதான். மெல்லிசைக் குழு என்றால் அதே பதினைந்து பாட்டுகள்தாம். அப்பாட்டுகளிலும் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வயலின்கள் எழுந்து ஒரு சிறு உலகத்தைப் படைத்துவிட்டு மறையும் பகுதியைக் குழுவினர் பாதியாக வெட்டிவிடுகின்றனர். அல்லது விசைப்பலகைக் கருவி ஒன்றில் இரண்டு விரலால் ஒப்பேற்றுகின்றனர். அவையோர் அந்த நேரத்தில் அடுத்த இருக்கைக்காரரோடு வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி உரையாடுகின்றனர். பாடகர் வாயைத் திறந்தால்தான் இசை தொடங்கியதாக நமக்கு நினைப்பு.

பல கருவிகள் கூடி ஒலிப்பது தமிழனுக்குப் புதிதா? பல இயங்கள் சேர்ந்தமையால் ‘பல்லியம்’ என்று அதற்குப் பெயரே இட்டிருந்தோம். அந்தச் சொல்லையே தம் பெயரில் தாங்கிய நெடும்பல்லியத்தனார் என்னும் புலவர் புறநானூற்றில் இருக்கிறார். கூத்தர் தோளில் சுமந்து சென்ற முழவும் ஆகுளியும் பாண்டிலும் கோடும் தூம்பும் குழலும் மலைபடுகடாத்தின் தொடக்கத்திலேயே வரிசையாக வந்து நிற்கின்றன. மாதவியின் அரங்கேற்றத்தில் எக்கருவி எதனைப் பின்பற்றி ஒலித்தது என்பதை இளங்கோவடிகள் குழலில் தொடங்கி ஆமந்திரிகை வரை முறைப்படுத்திச் சொல்கிறார். இவ்வளவையும் மேடையில் மார்தட்டிப் பேசும் நாம், நம் காலத்துப் பல்லியம் ஒன்று காதருகே வந்தால் ‘பாட்டு எப்போது வரும்?’ என்று கேட்கிறோம்.

படித்தோர் சிலர் வேறொரு மறுப்பைக் கொண்டு வருவர். ‘அவர் பாட்டுக்காரர். பாட்டுக்காரர் எழுதும் பெரிய இசை, பல பாட்டுகளை நூலில் கோத்தது போலத்தான் இருக்கும்’ என்பர். இது புதிய வாதமன்று. ஐரோப்பாவில் பியானோக்காரர்களைப் பார்த்துச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாதம். செருமானிய நாட்டு ராபர்ட் ஷூமனை (1810–1856) எடுத்துக்கொள்வோம். தம் முதல் 23 வெளியீடுகளையும் அவர் பியானோ ஒன்றுக்காகவே எழுதினார். 1840-இல் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். 1841 சனவரியில் திடீரென்று ஒரு சிம்பொனி. நான்கே நாள்களில் அதன் முழு உருவத்தையும் வரைந்து முடித்தார் என்பது வரலாறு. அதே ஆண்டு மார்ச்சு 31 அன்று லைப்சிக் நகரில் மெண்டல்சன் அதனை நடத்தி அரங்கேற்றினார். அதன்பின் ஷூமன் மேலும் மூன்று சிம்பொனிகளை எழுதினார். விளைந்த தீர்ப்பு யாது? ‘இவர் பியானோக்காரர், இவருக்குக் குழுவைக் கையாளத் தெரியாது, ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கனத்துக் கிடக்கின்றன.’ இத்தீர்ப்பு நூறாண்டுக்கு மேல் நின்றது. மாலர் போன்ற மேதையே அந்த நான்கு சிம்பொனிகளிலும் தம் கைப்படத் திருத்தங்கள் செய்து நடத்தினார்.

இன்று நிலைமை வேறு. ஷூமன் காலத்து அளவில் சிறிய குழுவைக் கொண்டு, அவர் எழுதியதை எழுதியபடியே வாசித்தபோது அந்தக் கனம் பெரிதும் கலைந்துபோனதைப் பலரும் கேட்டறிந்தனர். குறை எழுதியவரிடத்தில் என்று எண்ணியது கேட்டவரிடத்திலும் வாசித்தவரிடத்திலும் இருந்தது. அப்படியும் அவருடைய நான்கு ஹார்ன்களுக்கான கச்சேரித் துண்டையோ (1849), ‘முகப்பு, ஸ்கெர்ட்ஸோ, இறுதி’ என்று பெயரிட்ட 1841-ஆம் ஆண்டுப் படைப்பையோ இன்றும் அரிதாகவே வாசிக்கின்றனர். அவருடைய வயலின் கான்செர்ட்டோவின் கதை இன்னும் கொடிது. 1853-இல் எழுதியது. ‘நோயுற்ற மூளையின் தளர்ச்சி இதில் தெரிகிறது’ என்று அஞ்சி, அவரை உயிரினும் மேலாக நேசித்த மனைவி கிளாராவும், யாருக்காக எழுதினாரோ அந்த வயலின் வித்தகர் யோவாக்கிமுமே அதை மறைத்து வைத்தனர். 84 ஆண்டுகள் அது உறங்கியது. 1937-இல் பெர்லினில் வெளியே எடுத்தவர்களும் அன்பினால் எடுக்கவில்லை. யூதரான மெண்டல்சனின் வயலின் இசையை ஒதுக்கிய நாட்சி அரசுக்கு அந்த இடத்தில் நிறுத்த ஒரு செருமானியப் பெயர் தேவைப்பட்டது. மறைப்பவன் ஒருபுறம், பெருமைக்காகத் தூக்கிப் பிடிப்பவன் மறுபுறம். இருவருக்கும் இடையில் உட்கார்ந்து கேட்பவன்தான் குறைவு.

ஷோபனுக்கும் இதே வழக்குதான். பியானோவின் கவிஞர் என்று அவரைக் கொண்டாடுவோர், அவர் வார்சா நகரை விட்டு நீங்குமுன் இளமையில் எழுதிய இரண்டு கான்செர்ட்டோக்களில் பியானோவை மட்டும் கேட்டுவிட்டுக் குழுவை வெறும் திரைச்சீலை என்று தள்ளிவிடுகின்றனர். எஃப் மைனர் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியில் பஸூன் என்னும் அடங்கிய குரலுடைய துளைக்கருவி பியானோவுக்கு மறுமொழி கூறும் இடமொன்று உண்டு. இறுதிப்பகுதியில் வயலின்காரர்கள் வில்லின் மயிரால் இழைக்காமல் அதன் கட்டையால் நரம்பைத் தட்டுவார்கள். திரைச்சீலை இப்படியா பேசும்?

நம் ஊருக்குத் திரும்புவோம். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையின் எழுத்து முறையைக் கற்ற ஒருவர், எந்தக் கருவியையும் தொடாமலே இருபது முப்பது பேருக்கான இசையைத் தாளில் எழுதிக் கொடுப்பார் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. அந்தக் கை, இயக்குநரின் கட்டளையோ காட்சியின் நீளமோ குறுக்கிடாமல் எழுதியது ‘ஹௌ டு நேம் இட்’. தியாகராசருக்கும் யோகான் செபாஸ்தியான் பாக்குக்கும் அதனைப் படையலாக்கியிருக்கிறார். தனி வயலின் வி. எஸ். நரசிம்மன். ‘இதற்கு என்ன பெயரிடுவது’ என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார். நாமோ விடை சொல்லாமல் நழுவிவிட்டோம்.

அத்தொகுப்பில் பாக் தம் வீட்டுக்கு வந்ததாகப் பெயரிட்ட துண்டு ஒன்று உண்டு. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பை இளையராஜா அப்படியே எடுத்துக்கொள்கிறார். இடைவிடாது ஓடும் நீர் போன்ற இசை அது. அந்த ஓட்டத்தை அவர் தடுக்கவுமில்லை, திருத்தவுமில்லை. அது ஓடிக்கொண்டிருக்கையிலேயே நம் மரபின் வயலின் வந்து சேர்ந்து தன் வழியில் பேசத் தொடங்குகிறது. விருந்தாளி தன் மொழியில் பேசுகிறார். வீட்டுக்காரர் தம் மொழியில் பேசுகிறார். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றனர். மராத்தியில் பேசும் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் நம் இல்லத்தரசிகள் பாதித் தமிழில் விடையிறுத்து நாற்பதாண்டு நட்பை வளர்த்திருக்கிறார்களே, இந்த இசையைப் புரிந்துகொள்ள டோம்பிவிலிக்காரர்களை விடத் தகுதி வாய்ந்தவர் யார்?

‘ஃபியூக்’ என்னும் வடிவில் அமைந்த துண்டும் அதில் இருக்கிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. காலை வண்டியில் பஜனை மண்டலியார் தாளமிட்டுப் பாடுவதை நாள்தோறும் கேட்கிறோம். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்கிறார். மற்றவர் அதை வாங்கிப் பாடுகின்றனர். வாங்கிப் பாடும்போது எடுத்துக் கொடுத்தவர் வாயை மூடிக்கொள்ளாமல், அதற்கு இசைவான வேறோர் அடியைப் பாடிக்கொண்டே போகிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்றாமவர் நுழையும்போது இரண்டாமவரும் அவ்வாறே செய்கிறார். யாரும் யாருக்கும் பின்பாட்டு இல்லை. அதுதான் ஃபியூக். ஒருமுறை கேட்டால் குழப்பமாகத்தான் இருக்கும். மூன்றாம் முறை ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே சென்றால் வழி தெரியும்.

1988-இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் அரிபிரசாத் சௌரசியாவின் குழலும் 50 பேர் கொண்ட குழுவும் சேர்ந்தன. எல்லாவற்றையும் புகழ வேண்டும் என்னும் நேர்த்திக்கடன் நமக்கில்லை. இதில் சில இடங்களில் குழல் மன்னனாக வீற்றிருக்க, குழு கவரி வீசி நிற்பதோடு அமைந்துவிடுகிறது. 1986-ஆம் ஆண்டுத் தொகுப்பின் இறுக்கம் இதற்கு இல்லை என்பது நம் கருத்து. மாறுபடுவோர் கேட்டுவிட்டு மாறுபடட்டும். 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு வெளிவந்த திருவாசகத்தில் ‘பொல்லா வினையேன்’ பகுதியில் ஆங்கிலக் குரல்கள் நுழைவது பலருக்கு உறுத்தியது. எமக்கும் முதலில் உறுத்தியது. ஆயின் அந்தக் குரல்கள் ஓய்ந்து தமிழ் மீளும்போது மாணிக்கவாசகரின் தனிமை முன்னினும் பெரிதாகத் தெரிகிறது. அந்த இடத்துக்காகவே நுழைவித்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. சைவ அன்பர்கள் ‘ஓதுவார் பாடியதே போதும்’ என்பர். ஓதுவார் பாடியது போதும் என்றால் அதையேனும் கேட்க வாருங்கள் என்று அழைத்தால் வருகை எவ்வளவு என்பதை நாமறிவோம்.

1993-இல் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவைக் கொண்டு லண்டனில் பதிவு செய்த சிம்பொனி வெளியிடப்படவே இல்லை. அதனைப் பற்றி நாம் எழுதிக் குவித்த பெருமையுரைகளுக்கும் ஏளனவுரைகளுக்கும் கணக்கில்லை. இரு சாராரும் கேளாத ஒன்றைப் பற்றியே போரிட்டனர். கேட்கக் கிடைத்தவற்றைப் பற்றியோ எவரும் வாய் திறக்கவில்லை. இதனை விந்தை என்பதா, நம் இயல்பு என்பதா?

ஒன்று கூற வேண்டும். நம்மில் பலர் ‘ஹௌ டு நேம் இட்’ இசையை அறியாமலே கேட்டிருக்கிறோம். பாலு மகேந்திராவின் ‘வீடு’ திரைப்படத்தில் பாட்டே இல்லை. அதன் பின்னணியில் ஒலிப்பது இந்தத் தொகுப்பின் இசை. ஒரு வீடு கட்டுவதற்காக எளிய குடும்பம் படும் பாட்டைக் கண்டு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இடம் வாங்க இயலாமல் டோம்பிவிலி வரை வந்து குடியேறிய நாம் கண்ணீர் விட்டோமே, அக்கண்ணீரில் அந்த வயலின்களுக்குப் பங்கில்லையா? பெயர் தெரியாமலே நெஞ்சுக்குள் புகுந்த இசை, பெயர் தெரிந்ததும் அயலாகிவிடுமா?

அயலிசை என்னும் கூக்குரலுக்கு விடை நீளத் தேவையில்லை. வயலின் எங்கிருந்து வந்தது? அதைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தவர்களுள் முன்னவர் பாலுசுவாமி தீட்சிதர். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கே நோட்டுச்சுர சாகித்தியங்கள் செய்தார். ஆங்கில மன்னரை வாழ்த்தும் மெட்டும் அவற்றுள் ஒன்று. சண்முகானந்த அரங்கில் வயலின் பக்கவாத்தியத்துக்குத் தலையாட்டும் அன்பர், அதே வயலின் பன்னிரண்டு சேர்ந்து வந்தால் மட்டும் பண்பாடு கெடும் என்று வாதிடுவது எவ்வாறு பொருந்தும்?

இந்த மும்பை மாநகரமே நமக்கு ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறது. கோவாவின் மஜோர்தாவில் பிறந்த அந்தோணி கொன்சால்வெஸ் இந்தித் திரையுலகில் வயலின்காரர். இசையமைப்பாளர்களின் மெட்டுகளுக்குக் கருவியிசை எழுதியவர். இந்திய இராகங்களை மேனாட்டு முழுக்குழுவுக்கு எழுத வேண்டும் என்னும் வேட்கையால், 1958-இல் சொந்த முயற்சியில் குழு ஒன்றைத் திரட்டி, தூய சேவியர் கல்லூரியில் அரங்கேற்றினார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் அதில் பாடினர். அந்த இசையை இன்று எவர் வீட்டில் கேட்கிறார்கள்? அவர் பெயர் மட்டும் ஊருக்கெல்லாம் தெரியும். 1977-இல் அவருடைய மாணவர் பியாரேலால் ஆசிரியருக்குக் காணிக்கையாக அப்பெயரை ஒரு திரைப்பாட்டில் வைத்தார். முட்டைக்குள்ளிருந்து அமிதாப் பச்சன் வெளிவந்து ஆடிப் பாடும் வேடிக்கைப் பாட்டாக அது நிலைத்துவிட்டது. பல்லியம் மறைந்தது, பாட்டு நின்றது. 2012-இல் கொன்சால்வெஸ் மறைந்தபோதும் செய்திகள் அந்தப் பாட்டைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டின.

இவையெல்லாம் எழுதுவதற்கு நம்மைத் தூண்டியது வேறொன்று. நம் பிள்ளைகள். தாராவியில் தமிழ்ப்பள்ளியில் பயின்ற தலைமுறை கழிந்து, ஆங்கிலப் பள்ளியில் பயின்று தெருவில் மராத்தியும் இந்தியும் பேசும் தலைமுறை வளர்ந்துவிட்டது. விழா மேடையில் பாட்டு ஒலிக்கும்போது நமக்குக் கண்கள் பனிக்கின்றன. பிள்ளைகள் கைபேசியைப் பார்க்கின்றனர். நன்றி கெட்டவர்கள் என்று கடிந்துகொள்கிறோம். அவர்களுக்கு அந்தப் பாட்டின் சொல் விளங்கவில்லை என்பதை நினைப்பதில்லை. ‘மலரும் நினைவு’ நமக்கு. அவர்களுக்கு அது பொருள் தெரியாத ஓசை. அதே வேளையில் இதே பிள்ளைகளைத்தான் வாரம் இருமுறை விசைப்பலகை வகுப்புக்கும் வயலின் வகுப்புக்கும் அனுப்பி, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் படித்தேர்வுகளுக்குப் பணம் கட்டுகிறோம். இளையராஜாவும் அதே கல்லூரியின் தேர்வை எழுதித்தான் மேனாட்டு கிதாரில் தேறினார் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. பாக் எழுதிய துண்டை அந்தச் சிறுமி தேர்வுக்காகப் பயில்கிறாள். அந்த பாக் ஒரு பண்ணைப்புரத்துக்காரர் வீட்டுக்கு வந்து உரையாடிய கதை தமிழ்ச்சொல் ஒன்றும் தெரியாமலே அவளுக்கு விளங்கும். நமக்கும் அவளுக்கும் பொதுவான தமிழிசை ஒன்று உண்டென்றால் அது சொல்லில்லாத இதுதான். அதனைப் பூட்டி வைத்துவிட்டு, சொல் தெரியாத பிள்ளைக்குச் சொல்லாலாகிய பாட்டையே திரும்பத் திரும்ப ஊட்டுகிறோம்.

நரிமன் முனையில் தேசிய நிகழ்கலை மையம் 2006-இல் தோற்றுவித்த முழுச் சிம்பொனிக் குழு ஒன்று இருக்கிறது. டோம்பிவிலியிலிருந்து விரைவு வண்டியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணிப் பயணம். அலுவலகத்துக்காக அதே தண்டவாளத்தில் இருபது ஆண்டுகளாகச் சென்று வருகிற எமக்கு, அந்த அரங்கின் வாசற்படி ‘நமக்கானதன்று’ என்றே தோன்றி வந்தது. சென்ற ஆண்டு மகளின் வற்புறுத்தலால் ஏறினோம். எவரும் தடுக்கவில்லை. வாசிக்கையில் கைதட்டலாகாது என்பதை மட்டும் மகள் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். ஒரு பகுதி முடிந்ததும் நம்மையறியாமல் தட்டிவிட்டோம். முன்வரிசைப் பார்சிப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

இவ்வாண்டு விழாவில் ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து சில துண்டுகளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கத்தோடு, நல்ல ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்ய அரைமணி நேரம் வேண்டும் என்று விழாக் குழுவினரிடம் எழுத்து மூலமே விண்ணப்பித்தோம். நீண்ட கருத்துப் பரிமாற்றத்துக்குப் பின், கோலப் போட்டிப் பரிசளிப்புக்கும் மெல்லிசைக்கும் இடையே ஏழு நிமிடம் ஒதுக்கியிருக்கின்றனர். ஏழு நிமிடத்தில் ஒரு துண்டு அடங்கும். பாக் வீட்டுக்கு வந்த துண்டையே தெரிந்தெடுத்திருக்கிறோம். அது ஒலிக்கும்போது பரிசு பெற்ற கோலங்களை ஒளிப்படம் எடுக்க எழுந்து செல்வோர், கூடியவரை பின்கதவு வழியாகச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.